அலியா, மார்சியானோவா? - நடக்காத ஒரு சண்டையின் கணக்கு

பட்டிமன்றம் நமக்குப் புதிதல்ல. "கற்பில் சிறந்தவள் கண்ணகியா, மாதவியா?" என்பதில் தொடங்கி "குடும்பத்தைத் தாங்குவது கணவனா, மனைவியா?" என்பது வரை நம் சங்க மேடை பார்க்காத தலைப்பு இல்லை. குத்துச்சண்டை ரசிகர்களுக்கும் இப்படி ஒரு தீராத தலைப்பு உண்டு. வெவ்வேறு காலத்தைச் சேர்ந்த இரண்டு ஹெவிவெயிட் சாம்பியன்கள், இருவரும் தத்தம் உச்ச நிலையில், ஒரே மேடையில் ஏறினால் யார் ஜெயிப்பார்? ஜாக் டெம்ப்சியா ஜோ லூயிஸா, ஜோ லூயிஸா முகமது அலியா, அலியா மைக் டைசனா என்று பெயர்கள் மாறும், விவாதம் முடியாது. 2021இல் "சார்பட்டா பரம்பரை" படம் வந்த பிறகு நம் வீட்டுப் பிள்ளைகளையும் இந்த ஆர்வம் தொற்றிக்கொண்டிருப்பதைக் காண்கிறேன்.

இத்தகைய விவாதங்களுள் ஒன்று மட்டும் வாய்ப்பேச்சோடு நிற்கவில்லை. வழக்காகிக் கம்ப்யூட்டருக்குப் போய், கடைசியில் திரைப்படமாகவும் வந்தது. ராக்கி மார்சியானோவும் முகமது அலியும் மோதிய கதை அது. நாற்பது வருடமாக இதைப் பற்றி யோசித்தும் வாதாடியும் வந்திருக்கிறேன். ரயில்வேயில் எஞ்சின்களோடு காலம் கழித்தவன் என்பதால் என் பார்வையில் கொஞ்சம் கிரீஸ் வாடை அடிக்கும். வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

முதலில் ஆட்களைத் தெரிந்துகொள்வோம். மார்சியானோ 1923இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பிராக்டன் என்ற ஊரில் பிறந்தவர். பெற்றோர் இத்தாலியிலிருந்து குடியேறியவர்கள். தகப்பனார் செருப்புத் தொழிற்சாலைத் தொழிலாளி. 1952இல் ஜெர்சி ஜோ வால்காட்டை வீழ்த்தி உலக சாம்பியன் ஆனார். 1956இல் ஓய்வு பெற்றார். மொத்தம் 49 சண்டை, 49 வெற்றி, அவற்றில் 43 நாக் அவுட். தோல்வியே காணாமல் விலகிய ஹெவிவெயிட் சாம்பியன் என்று அவர் பெயரை இன்றும் சொல்கிறார்கள்.

அலி 1942இல் கென்டகி மாநிலத்தில் லூயிவில் நகரில் பிறந்தவர். 1960 ரோம் ஒலிம்பிக்கில் தங்கம். 1964இல் சோனி லிஸ்டனை வென்று உலக சாம்பியன். மொத்தம் 61 சண்டைகள், 56 வெற்றி, 5 தோல்வி. அந்த ஐந்தில் மூன்று, வயதான பிறகு வந்தவை. 1980இல் அவர் இந்தியா வந்தபோது சென்னையிலும் ஒரு காட்சிப் போட்டியில் கலந்துகொண்டார். அதை நேரில் பார்த்ததாகச் சொல்பவர்கள் எண்ணிக்கை வருடா வருடம் கூடிக்கொண்டே போகிறது என்பது வேறு விஷயம்.

இப்போது அளவுகள். மார்சியானோ உயரம் ஏறத்தாழ 179 சென்டிமீட்டர், எடை 84 கிலோ. அலி 191 சென்டிமீட்டர். 1966இல் எடை சுமார் 96 கிலோ. இரண்டு கைகளையும் பக்கவாட்டில் விரித்து விரல் நுனியிலிருந்து விரல் நுனி வரை அளந்தால் மார்சியானோவுக்கு 170 சென்டிமீட்டரைச் சற்றுத் தாண்டாது, அலிக்கு 198. அதாவது அலியின் இடது கை மார்சியானோவின் மூக்கைத் தொடும் தூரத்தில், மார்சியானோவின் கை காற்றைத்தான் குத்தும். அவர் அலியை அடிக்க வேண்டுமானால் அந்த இடைவெளியைக் கடந்து உள்ளே போக வேண்டும். ஒவ்வொரு முறை போகும்போதும் கட்டணம் கட்டித்தான் போக வேண்டும்.

இதைப் பார்த்ததும் "அப்புறம் என்ன விவாதம்?" என்று கேட்கத் தோன்றும். இட்டார்சி டீசல் ஷெட்டில் நான் வேலை பார்த்த நாட்களில், ஓய்வு பெறும் வயதில் இருந்த ஓர் ஆங்கிலோ-இந்திய டிரைவரிடம் நானும் அப்படித்தான் கேட்டேன். அவர் மார்சியானோ பக்தர். "தோற்காத ஆளைத் தோற்பான் என்று எந்தக் கணக்கில் சொல்கிறாய், மேன்?" என்றார். அந்த ஒரு கேள்விக்குப் பதில் தேடித்தான் இவ்வளவு படித்தேன்.

அவர் கேட்ட "கணக்கை" அமெரிக்காவில் ஒருவர் அதற்கு முன்பே போட்டுப் பார்த்திருந்தார். மியாமி நகரைச் சேர்ந்த மர்ரி வோரோனர் என்ற வானொலித் தயாரிப்பாளர் 1967இல் ஒரு யோசனை செய்தார். எல்லாக் காலத்தையும் சேர்ந்த பதினாறு ஹெவிவெயிட் வீரர்களைத் தேர்ந்தெடுத்து, அவர்களுக்குள் ஒரு நாக் அவுட் போட்டித் தொடர் நடத்துவது; முடிவைச் சொல்வது என்.சி.ஆர். 315 என்ற கம்ப்யூட்டர். ஒவ்வொரு வீரரின் பழைய சண்டை விவரங்கள், பலம், பலவீனம், பாணி எல்லாம் எண்களாக மாற்றி அதற்கு ஊட்டப்பட்டன. 250 குத்துச்சண்டை நிபுணர்களிடமும் எழுத்தாளர்களிடமும் கருத்துக் கேட்டுச் சேர்த்தார்கள். கம்ப்யூட்டர் சொன்னதை, நேரடி வர்ணனை போலவே வானொலியில் ஒலிபரப்பினார்கள். இறுதிப் போட்டியில் மார்சியானோ டெம்ப்சியை வென்றார். அலியோ கால் இறுதியிலேயே ஜிம் ஜெஃப்ரிஸிடம் "தோற்றுப்போனார்".

அலிக்குக் கோபம் வந்தது. காரணம் உண்டு. ஜெஃப்ரிஸ் யார்? 1910இல், கறுப்பர் இனத்தின் முதல் ஹெவிவெயிட் உலக சாம்பியனான ஜாக் ஜான்சனிடமிருந்து பட்டத்தைப் பறித்தே ஆக வேண்டும் என்று வெள்ளையர் சமூகம் ஓய்விலிருந்து இழுத்து வந்து நிறுத்திய வீரர். நெவாடாவில் ரீனோ நகரில் ஜான்சனிடம் அடி வாங்கித் தோற்றார். அந்த முடிவைத் தாங்க முடியாமல் அமெரிக்காவில் பல ஊர்களில் கலவரம் வெடித்து உயிர்கள் போயின. அந்த ஜெஃப்ரிஸிடம், அதுவும் ஒரு எந்திரத்தின் வாக்கில், தான் தோற்றதாகச் சொன்னால் பொறுப்பாரா? பத்து லட்சம் டாலர் கேட்டு மான நஷ்ட வழக்குப் போட்டார். வழக்கு சமரசத்தில் முடிந்தது. மார்சியானோவோடு ஒரு படத்தில் "சண்டையிட" அலி ஒப்புக்கொண்டார்.

1969இல் மியாமியில் ஒரு ஸ்டுடியோவில் படப்பிடிப்பு நடந்தது. மார்சியானோவுக்கு வயது 45. மேடையை விட்டு இறங்கிப் பதின்மூன்று வருடம் ஆகியிருந்தது. படத்துக்காக இருபது கிலோவுக்கு மேல் எடையைக் குறைத்தார். வழுக்கையை மறைக்க விக் வைத்துக்கொண்டார். அலிக்கு 27 வயது. ஒரு நிமிடச் சுற்றுகளாக எழுபதுக்கும் மேல் எடுத்து, பிறகு வெட்டி ஒட்டிப் பதினைந்து சுற்றுச் சண்டை போலாக்கினார்கள். அலியின் ஜாப் பட்டு விக் நழுவும்போதெல்லாம் படப்பிடிப்பை நிறுத்த வேண்டியிருந்ததாம். முடிவுக் காட்சியை மட்டும் பல விதமாக எடுத்து வைத்துக்கொண்டார்கள். எது திரையில் வரும் என்று நடித்த இருவருக்கும் தெரியாது.

1970 ஜனவரி 20ஆம் தேதி சுமார் 1,500 திரையரங்குகளில் படம் காட்டப்பட்டது. பதின்மூன்றாவது சுற்றில் மார்சியானோ அலியை நாக் அவுட் செய்தார். அந்தக் கம்ப்யூட்டர் அலபாமாவில் செய்ததாக இருக்கும் என்று அலி கேலி செய்தார். நிற வேற்றுமைக்குப் பேர்போன தென் மாநிலம் அலபாமா.

மார்சியானோ அந்த முடிவைப் பார்க்கவில்லை. படப்பிடிப்பு முடிந்த சில வாரங்களில், 1969 ஆகஸ்ட் 31 அன்று, ஐயோவா மாநிலத்தில் ஒரு சிறு விமானம் விழுந்து நொறுங்கியதில் இறந்துபோனார். மறுநாள் அவருக்கு 46ஆவது பிறந்த நாள்.

எந்திரம் சொன்ன தீர்ப்பை எவ்வளவு தூரம் நம்பலாம்? கம்ப்யூட்டர் என்றாலே கைகட்டி நின்ற காலம் அது. இன்று நம் சட்டைப் பையில் இருக்கும் போன் அதைவிடப் பல மடங்கு வேகமானது. ஆனால் வேகம் இங்கே பிரச்சினையே அல்ல. சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும். 250 பேரின் அபிப்பிராயத்தை எண்ணாக்கிப் போட்டால் வெளியே வருவதும் அபிப்பிராயம்தான். தசம புள்ளி வைத்திருக்கும், அவ்வளவே. பட்டிமன்ற நடுவர் இரு பக்கமும் கேட்டுவிட்டுத் தம் மனத்தில் ஏற்கனவே இருந்ததைச் சொல்வதில்லையா? அந்த மாதிரி.

எஞ்சின்களை ஒப்பிடுவது எளிது. டபிள்யூ.பி. நீராவி எஞ்சின் பெரிதா, டபிள்யூ.டி.எம்.-2 டீசல் பெரிதா என்று கேட்டால், ஒரே ஏற்றத்தில் ஒரே எண்ணிக்கைப் பெட்டிகளைக் கட்டி இழுக்க விட்டுப் பார்க்கலாம். அங்கேயும் ஒரு நிபந்தனை இருக்கிறது. டபிள்யூ.டி.எம்.-2வுக்கு 2,600 குதிரை சக்தி என்று புத்தகத்தில் போட்டிருக்கும். அது குறிப்பிட்ட வெப்ப நிலை, காற்றழுத்தத்தில் எடுத்த கணக்கு. மே மாத வெயிலில் அதே எஞ்சின் அவ்வளவு தராது. எந்த நிலையில் அளந்தோம் என்று சொல்லாமல் குதிரை சக்தியை மட்டும் சொல்வது எங்கள் தொழிலில் அரைகுறைப் பேச்சு. ஓட்டப் பந்தயத்தில் கடிகாரம் இருக்கிறது. ஆனாலும் 1936 பெர்லினில் சாம்பல் தூள் பரப்பிய தடத்தில், தாமே குழி தோண்டிக் கால் வைத்துக் கிளம்பி, 100 மீட்டரை 10.3 விநாடியில் ஓடிய ஜெஸ்ஸி ஓவன்ஸையும், 2009இல் செயற்கைத் தடத்தில் 9.58 விநாடியில் ஓடிய உசேன் போல்ட்டையும் நேருக்கு நேர் வைப்பது சரியா? குத்துச்சண்டையில் அந்தக் கடிகாரமும் இல்லை. எதிராளிதான் அளவுகோல். அளவுகோலே ஆளுக்கு ஆள் மாறுகிறது.

நிபந்தனை மாறினால் விடை எப்படிப் புரளும் என்பதற்கு மார்சியானோவின் வாழ்க்கையிலேயே ஒரு சான்று இருக்கிறது. 1952 செப்டம்பர் 23, பிலடெல்பியா. வால்காட் முதல் சுற்றிலேயே மார்சியானோவைக் கீழே தள்ளினார். பன்னிரண்டு சுற்று முடிந்தபோது புள்ளி போட்ட மூன்று பேர் அட்டையிலும் வால்காட்தான் முன்னால். பதின்மூன்றாவது சுற்றில் மார்சியானோவின் வலது கை ஒரே ஒரு முறை போனது. வால்காட் கயிற்றில் சரிந்து மடங்கினார். அன்று சாம்பியன் போட்டி என்றால் பதினைந்து சுற்று. 1982இல் டுக் கூ கிம் என்ற கொரிய வீரர், ரே மன்சினியுடன் நடந்த சண்டையில் அடிபட்டு இறந்த பிறகு அது படிப்படியாகப் பன்னிரண்டாகக் குறைந்தது. இன்றைய விதியில் அந்தச் சண்டை நடந்திருந்தால் மார்சியானோ புள்ளிகளில் தோற்று வீட்டுக்குப் போயிருப்பார். 49-0 என்ற எண்ணே இருக்காது! படத்தில் அலி விழுந்ததும் அதே பதின்மூன்றாவது சுற்றில் என்பதைக் கவனியுங்கள். அது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. பழைய கதையை ஆள் மாற்றித் திரும்பச் சொல்லியிருக்கிறார்கள்.

எடையும் அப்படித்தான். 84 கிலோ உள்ளவரை இன்று யாரும் ஹெவிவெயிட்டில் ஏற்ற மாட்டார்கள். குரூசர்வெயிட் என்று இடையில் ஒரு பிரிவு வந்துவிட்டது. அதற்காக "பெரிய ஆள்தான் ஜெயிப்பான்" என்று முடிவு கட்டவும் முடியாது. 2024 டிசம்பரில் ரியாத்தில் டைசன் ஃப்யூரி சுமார் 127 கிலோ, உக்ரைனின் உசிக் சுமார் 102 கிலோ. உசிக்தான் ஜெயித்தார், அவர் குரூசர்வெயிட்டிலிருந்து மேலே வந்தவர். 25 கிலோ என்பது ஒரு முழு அரிசி மூட்டை.

"மார்சியானோ வென்றதெல்லாம் கிழவர்களை" என்று அலி கட்சிக்காரர்கள் சொல்வார்கள். ஜோ லூயிஸுக்கு 37, வால்காட்டுக்கு 38, ஆர்ச்சி மூர் நாற்பதை நெருங்கியவர் என்பது உண்மைதான். ஆனால் காலண்டரில் யார் எதிரே வருகிறார்களோ அவர்களைத்தானே அடிக்க முடியும்? இந்த வாதத்தில் எனக்கு அவ்வளவு மரியாதை இல்லை.

எனக்கு மரியாதை உள்ள சான்றுகள் இரண்டு. ஒன்று, பிரிட்டனின் ஹென்றி கூப்பர். எடை 84 கிலோ, அதாவது மார்சியானோவின் எடையேதான். 1963இல் லண்டனில் நான்காவது சுற்றின் கடைசியில் அவருடைய இடது கை ஹூக் அலியை உட்கார வைத்தது. ஆக, 84 கிலோ ஆள் அலியைக் கீழே தள்ள முடியும். அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் அடுத்த சுற்றிலேயே கூப்பரின் கண் மேல் வெட்டுப்பட்டு ரத்தம் கொட்ட, நடுவர் சண்டையை நிறுத்தினார். 1966இல் மறுபடி மோதியபோதும் அதே கதை. அலியின் ஜாப் குத்து மட்டுமல்ல, சவரக் கத்தியும் கூட. மார்சியானோவின் தோலோ எளிதில் கிழியும். 1954 செப்டம்பரில் எஸ்ஸார்ட் சார்ல்ஸுடன் மோதியபோது மூக்கு நுனி பிளந்து தொங்கியது. அன்றைய நடுவர் விட்டுவிட்டார். எட்டாவது சுற்றில் சார்ல்ஸை வீழ்த்தித் தப்பினார். இன்றாக இருந்தால் டாக்டர் மேடை ஏறியிருப்பார்.

இன்னொரு சான்று ஜோ ஃப்ரேசியர். குட்டையான ஆள், குனிந்து, ஆடி ஆடி, அடி வாங்கிக்கொண்டே முன்னேறுபவர். மார்சியானோவின் பாணிக்கு மிக அருகில் வந்த அலியின் எதிராளி இவரே. மூன்று முறை மோதினார்கள். அலி இரண்டில் வென்றார். தோற்ற ஒன்று 1971 மார்ச் 8 அன்று நடந்தது. பதினைந்தாவது சுற்றில் ஃப்ரேசியரின் இடது ஹூக்கில் அலி மல்லாந்து விழுந்தார், எழுந்தார், புள்ளிகளில் தோற்றார். எழுந்ததை மறந்துவிடக் கூடாது; 43 பேரை நாக் அவுட் செய்த மார்சியானோவுக்கும் அலியை அங்கேயே கிடத்துவது சுலபமாக இருந்திருக்காது.

இங்கேதான் விவாதம் செய்பவர்கள் கேட்க மறக்கும் கேள்வி வருகிறது. எந்த அலி?

வியட்நாம் போருக்காக ராணுவத்தில் சேர மாட்டேன் என்று 1967 ஏப்ரல் 28 அன்று அலி மறுத்தார். பட்டம் பறிக்கப்பட்டது, சண்டையிடும் உரிமம் பறிக்கப்பட்டது, பாஸ்போர்ட்டும் போயிற்று. ஜூன் மாதம் ஐந்து வருடச் சிறைத் தண்டனை விதித்தார்கள். மேல் முறையீட்டில் வெளியே இருந்தார். 1967 மார்ச் 22க்குப் பிறகு அவர் மீண்டும் மேடை ஏறியது 1970 அக்டோபர் 26. மூன்று வருடம் ஏழு மாதம். வயது 25லிருந்து 28 வரை. உச்ச நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்தது 1971 ஜூனில். அதற்குள் அந்த வருடங்கள் போயே போய்விட்டன. திரும்பி வந்தவருக்குக் கை, மூளை, வாய் எல்லாம் அப்படியே இருந்தன. கால்கள் மட்டும் பழைய கால்கள் இல்லை. 1966 நவம்பரில் க்ளீவ்லண்ட் வில்லியம்ஸை மூன்று சுற்றில் முடித்த படத்தையும் 1971 ஃப்ரேசியர் சண்டைப் படத்தையும் அடுத்தடுத்துப் பார்த்தால் உங்களுக்கே தெரியும். முன்னதில் அடி வந்து சேரும்போது அவர் அங்கே இல்லை. பின்னதில் கயிற்றில் சாய்ந்து வாங்கிக்கொள்கிறார். வாங்கிக்கொள்ள முடியும் என்று கண்டுகொண்டதுதான் 1974இல் ஃபோர்மனையும் 1975இல் மணிலாவில் ஃப்ரேசியரையும் ஜெயிக்க வைத்தது. 1984இல் பார்க்கின்சன் நோய் என்று டாக்டர்கள் சொன்னார்கள். 2016இல் இறக்கும் வரை அது விடவில்லை. அத்தனை அடிகளுக்கும் அந்த நோய்க்கும் சம்பந்தமே இல்லை என்று என்னால் நினைக்க முடியவில்லை.

ஆகவே அந்த 1969 படத்தைப் பார்க்கும்போது யார் விழுந்தார் என்பதில் என் மனம் நிற்பதில்லை. 27 வயதில், உலகத்தில் எவரையும் ஜெயிக்கக்கூடிய நிலையில் இருந்த ஒருவருக்கு நிஜச் சண்டைக்கு அனுமதி கிடையாது. 45 வயது ஆளிடம் பொய்யாக விழுந்து காட்ட மட்டும் அனுமதி உண்டு. மார்சியானோவோடு அவர் மோதவில்லை என்பது கால வித்தியாசம். யாரும் குற்றவாளி இல்லை. 1968இன் அலி 1968இன் ஃப்ரேசியரோடு மோதவில்லை என்பது அப்படி அல்ல. அந்தச் சண்டைக்கு ஆள் இருந்தார்கள், அரங்கம் இருந்தது, பார்க்கக் கோடிப் பேர் இருந்தார்கள். அதை நடக்க விடாமல் செய்தார்கள். கற்பனைச் சண்டைப் பட்டியலில் நான் முதலில் வைப்பது அதைத்தான்.

சரி, இவ்வளவு எழுதிவிட்டு என் தீர்ப்பைச் சொல்லாமல் நழுவினால் இட்டார்சி டிரைவர் மேலுலகத்திலிருந்து திட்டுவார். 1966இன் அலி, 1952-54இன் மார்சியானோ, பதினைந்து சுற்று, பழைய காலத்து நடுவர் என்றால்: மார்சியானோ ஒரு முறையாவது அலியைக் கீழே தள்ளுவார். அலி எழுவார். பத்தாவது சுற்று வாக்கில் மார்சியானோவின் முகத்தில் வெட்டுக்காயங்கள் தாங்காமல் சண்டை நிற்கும். பன்னிரண்டு சுற்று, இன்றைய டாக்டர் என்றால் இன்னும் இரண்டு சுற்று முன்பாகவே நிற்கும். ஆனால் 1971இன் அலி, பதினைந்து சுற்று, ரத்தத்தைக் கண்டுகொள்ளாத நடுவர் என்று வைத்தால், என் பேனா தயங்குகிறது. நூறு ரூபாய்ப் பந்தயம் என்றால் ஐம்பது ரூபாயை அந்தப் பக்கமும் வைப்பேன்.

மறுப்பு எழுதும் அன்பர்கள் தாராளமாக எழுதலாம், ஆசிரியர் இடம் தருவார். எந்த வருடத்து அலி, எத்தனை சுற்று, யார் நடுவர் என்பதை முதல் வரியிலேயே குறிப்பிட்டுவிட்டுத் தொடங்கும்படி மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.